புகைமூலைக்கு வந்த நெமேசியோ

விழாவுக்குத் தலைமையேற்று, மேடையில் இருக்கும் ஒரே மின்விசிறியையும் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்த்தலைவி லுஸ்விமிந்தா அம்மையார் அவர்களே! இந்த உர்பானோ பேசினால் நேரமாகும் என்று தெரிந்து, முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! கடலுக்குக் கணவனைக் கொடுத்து, கப்பலுக்குப் பிள்ளையைக் கொடுத்து, கரையிலே காத்திருந்து காத்திருந்து கண் பூத்த தாய்மார்களே! உலகத்தின் புயல்களையெல்லாம் வென்று வந்து, இன்று வீட்டிலே மனைவியின் ஒரு முறைப்புக்கு முடங்கிக் கிடக்கும் மூத்த மாலுமிகளே! பந்தாடும் திடலில் பந்தலைப் போட்டுவிட்டானே பாவி என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பந்தாட்டக் காளைகளே! உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் மாலுமிகளைப் பெற்றுத் தரும் இலோய்லோ மண்ணின் மக்களே! நாற்பது துறைமுகங்களின் தண்ணீரைக் குடித்த இந்த உர்பானோவின் வணக்கம், வரிசைக்கு ஒன்றாக அல்ல, ஆளுக்கு ஒன்றாக!

என்ன சிரிப்பு அங்கே? நாற்பது இல்லையா? சரி, முப்பத்தெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துறைமுகங்களில் நான் தூங்கிவிட்டேன்.

இன்று எதற்குக் கூடியிருக்கிறோம்? நம் ஊரிலிருந்து ஒரு கூட்டம் சிங்கப்பூருக்குப் போகிறது. அங்கிருந்து உல்லாசக் கப்பலில் ஏறுகிறது. எப்படி ஏறுகிறது? துடைப்பம் தூக்கியா? தட்டுக் கழுவவா? இயந்திர அறையில் எண்ணெய் பூசவா? இல்லை தோழர்களே, இல்லை! பயணிகளாக ஏறுகிறது! தலைமுறை தலைமுறையாக அந்தக் கட்டில்களுக்கு விரிப்பு விரித்த நம் இனம், முதல்முறையாகக் கூட்டத்தோடு அந்தக் கட்டிலில் படுக்கப் போகிறது! கப்பலில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், தங்கள் சலுகைச் சீட்டில் பெற்றவர்களை அழைத்துப் போகிறார்கள்.

ஆனால் அந்தச் சீட்டுக்கு ஒரு முள் உண்டு. அதில் ஏறிய அப்பன் தப்புச் செய்தால், அடி அப்பனுக்கு அல்ல, பிள்ளையின் வேலைக்கு! நம் ஊர் அப்பன்மார்கள் செய்யக்கூடிய தப்பு எது? சூதாட்டமா? சண்டையா? அதற்கெல்லாம் அவர்களுக்குச் சுறுசுறுப்பு போதாது. அவர்கள் செய்யும் தப்பு, விரலிடுக்கில் வைத்து ஊதும் தப்பு! அதனால்தான் தலைவி அவர்கள் என்னை அழைத்து, "கப்பல்ல எங்க புகை பிடிக்கலாம், எங்க பிடிக்கக் கூடாதுன்னு நீங்க ஒரு பத்து நிமிஷம் சொல்லிடுங்க மாமா" என்றார்கள். என்னை ஏன் அழைத்தார்கள்? ஐந்தாம் வகுப்பை மூன்று தடவை ஆழ்ந்து படித்தவன் என்பதாலா? அல்ல! அந்தக் கப்பலின் மேல்தளத்தில், புகைமூலையின் சாம்பல்தொட்டிகள் அனைத்தும் என் ஆட்சியில் இருந்தன! கேப்டன் கப்பலை ஓட்டினார். காற்றையும் புகையையும் நான் ஓட்டினேன்!

கேளுங்கள். திறந்த மேல்தளத்தில் இடப்பக்கம் ஒரு மூலை. மணல் நிரப்பிய தொட்டிகள் நிற்கும். அங்கே பிடிக்கலாம். வேறெங்கே பிடிக்கலாம்? எங்கேயும் கூடாது! கேபினில் கூடாது. கேபின் பால்கனியில் கூடாது. நடைபாதையில் கூடாது. கழிவறையில் கூடாது, கூடாது, கூடாது! ஒரு பெரிய மனிதர், மூன்று வங்கிகளுக்குச் சொந்தக்காரர், கழிவறைக் கதவைப் பூட்டி, வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியோடு ஆவியாகப் புகையை விட்டுப் பார்த்தார். மணி அலறியது. ஒரு கையில் துண்டு, உடம்பெல்லாம் சோப்பு நுரை என்று நடைபாதையில் வந்து நின்றார். எதிரே யார்? உயிர்காக்கும் அங்கி மாட்டிக்கொண்டு வரிசையாக நின்ற முதியோர் சங்கத்துப் பெண்மணிகள்! அன்றோடு அவருக்குப் புகைப்பழக்கம் விட்டுப்போனது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? கரையிலே தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். கடலிலே தீப்பிடித்தால் எந்தத் தெருவுக்கு ஓடுவீர்கள்? சிகரெட் துண்டைச் சுண்டிக் கடலில் எறிந்துவிடலாம் என்பீர்கள். நீங்கள் எறிவீர்கள், காற்று அதைப் பொறுக்கிக் கீழ்வீட்டுப் பால்கனியில் கொண்டுபோய் வைக்கும்!

"மாமா, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது, எனக்கெதுக்கு இந்த விதி?" என்று கேட்கிறாள் ஒரு தங்கை. கேட்டாளே ஒரு கேள்வி! இந்தக் கேள்வியால்தான் ஒரு பெண்ணின் பிழைப்பே அந்தரத்தில் தொங்கியது. அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரி இதோ முன்வரிசையில் இருக்கிறாள். பசிலிசா அக்கா, கொஞ்சம் எழுந்து நின்று முகத்தைக் காட்டுங்கள்.

"உக்காந்தே இருக்கேன்டா. நீ கதையைச் சொல்லு. கூட்டாம சொல்லு."

கூட்டுவேனா நான்?

பசிலிசா அக்காவின் கணவர் நெமேசியோவை இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். சரக்குக் கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் எண்ணெய்க்காரர். மலாக்கா நீரிணையில் ஒரு புயலில் தவறி விழுந்தவர், விழுந்தவர்தான். உடல் கரைக்கு வரவில்லை. கல்லறைத் திருநாள் வந்தால் நாமெல்லோரும் என்ன செய்வோம்? இடுகாட்டில் அவரவர் கல்லறை ஓரம் பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சோற்றைப் பிரித்து, சீட்டாடி, செத்தவர் புகைக்கிற ஆளாக இருந்தால் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கல்லின்மேல் நிறுத்தி வைப்போம். அக்காவுக்குக் கல் ஏது? நடுவிலே நிற்கும் பெரிய சிலுவையடியில், ஊர்பேர் தெரியாத மெழுகுவர்த்திகளோடு தன்னுடையதையும் செருகிவிட்டு, அடுத்தவர் பாயில் உட்கார்ந்து வருவாள்.

மகள் ஜெராலின் வளர்ந்தாள். நம் கப்பலிலேயே அறைப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். சலுகைச் சீட்டு கிடைத்ததும் அம்மா சொன்னாள்: "எனக்கு உன் சொகுசெல்லாம் வேணாம்டி. கல்லறைத் திருநாளன்னைக்கு அந்த மலாக்காத் தண்ணியில இருக்கிற மாதிரி ஒரு சீட்டுப் போடு." பெண் போட்டாள். கூடவே, "மெழுகுவத்தி கிழுகுவத்தி எடுத்துட்டு வந்துடாத, கப்பல்ல நெருப்பு ஆகாது" என்று எச்சரிக்கையும் போட்டாள்.

அக்கா சொன்ன சொல் தட்டாதவள். பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்தி வாங்கி வந்தாள். திருநாளன்று மாலை, பால்கனி மேசையில் அதை வைத்தாள். பக்கத்தில் இலையில் மடித்த ஒட்டரிசிப் பலகாரம். நெமேசியோவுக்குப் பிடித்த சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து, ஊதுவத்தி போல அந்தப் பலகாரத்தின் நடுவிலே நட்டு நிறுத்தினாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாம்பல் பொறியோடு பறந்தது. கீழ்ப் பால்கனியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர் ஓங் அவர்களின் கோப்பையில் போய் இறங்கியது. ஓங் புகைக்காதவர் என்றால்கூடப் பொறுத்திருப்பார். அவரோ என் மூலையின் முதல் வாடிக்கையாளர்!

"என் ரெண்டு முழங்காலும் போச்சு. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் படியேறி மூலைக்குப் போறேன். மேல ஒருத்தன் கால் நீட்டிக்கிட்டு பால்கனியில ஊதுறான். அப்ப நான் மட்டும் இளிச்சவாயனா?" என்று தொலைபேசியில் வெடித்தார்.

காவல் அதிகாரி வந்தார். குருங் என்று பெயர், நேபாளத்துக்காரர். அவர் தும்மினாலும் அளவாகத்தான் தும்முவார். சாம்பல் சுத்தம் செய்ய நானும் பின்னாலேயே போனேன். அவர் முதல் வேலையாகச் சிகரெட்டை அணைத்தார்.

"யாரும்மா இங்க சிகரெட் பிடிச்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

"கூப்பிடுங்க அவரை."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கடலைக் காட்டினாள். "கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வரமாட்டேங்கிறார்."

குருங் முகம் வெளிறியது. ஆள் விழுந்துவிட்டான் என்று நினைத்து வானொலிக் கருவியை வாய்வரை கொண்டுபோய்விட்டார். "எப்ப விழுந்தார்? சீக்கிரம் சொல்லுங்க, எப்ப விழுந்தார்?"

"பத்தொம்பது வருஷம் ஆச்சு தம்பி."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரிக்கப் போனேன். குருங் வானொலிக் கருவியை மெல்ல இறக்கிவிட்டுக் கடலையே பார்த்தார்; என் சிரிப்பு அங்கேயே போனது.

விசாரணை துணைக் கேப்டன் ஸ்தாவ்ரோஸ் முன்னால். கிரேக்க நாட்டுக்காரர், விதியை மந்திரம் போல ஓதுகிறவர். ஒரு பக்கம் ஓங். ஒரு பக்கம் அக்கா. சீருடையோடு ஓடி வந்து நின்றாள் ஜெராலின். அந்த வாரந்தான் அவளை மேற்பார்வையாளராக உயர்த்த எழுதிப் போட்டிருந்தார்கள்.

"அம்மா! நெருப்பு ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"மெழுகுவத்தின்னுதான சொன்ன? பேட்டரிதான வச்சேன்?"

"சிகரெட்டு?"

"அதைப் பத்தி நீ வாயே தெறக்கலையே."

"உனக்குப் பழக்கமே இல்ல, உன்கிட்ட எதுக்கும்மா சொல்லணும்?"

"அதையேதான் நானும் நெனச்சேன். விதி பிடிக்கிறவங்களுக்கு. நான் பிடிக்கல. அவருக்குப் பத்தவச்சுக் கொடுத்தேன், அவ்வளவுதான்."

அப்போதுதான் சாட்சியாகப் போயிருந்த நான் எழுந்தேன். ஆற்றினேன் ஓர் உரை! கடலின் வரலாறு, கற்பின் மாண்பு, நம் மாலுமிகளின் மானம் எல்லாவற்றையும் அள்ளி வீசினேன். நான் முடித்ததும் ஸ்தாவ்ரோஸ் என்ன சொன்னார் தெரியுமா?

"இந்த ஆளு யாரு?" என்றார்.

பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "விதி தெளிவா இருக்கும்மா. பால்கனியில யார் புகை பிடிச்சாங்களோ, அவங்களை அடுத்த துறைமுகத்துல கரையில இறக்கணும். சீட்டு எடுத்துக் கொடுத்தவங்க வேலையும் நிக்காது."

அக்கா மெல்லக் கேட்டாள்: "யார் பிடிச்சாங்களோ, அவங்களையா சார்?"

"ஆமா."

"அப்ப இறக்குங்க சார். அவரைக் கரையில இறக்கிக் கொடுங்க. பத்தொம்பது வருஷமா நான் அதைத்தான் எல்லார் கால்லயும் விழுந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

என்ன தாய்மார்களே, கைக்குட்டையைத் தேடுகிறீர்கள்? தேடுங்கள். அன்று நானும் தேடினேன். கிடைத்தது சாம்பல் துடைக்கிற துணிதான்.

ஓங் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சார், என் புகாரை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"புகாரை வாங்கிக்கலாம். பறந்த நெருப்பை வாங்கிக்க முடியுமா?" என்றார் ஸ்தாவ்ரோஸ். அவர் குரல் இப்போது மந்திரம் ஓதவில்லை. "அம்மா, அந்தப் பொறி கோப்பையில விழுந்துச்சு. கொடியில காயற துணியில விழுந்திருந்தா? இந்தக் கப்பல்ல இருக்கிற எத்தனை பேரை நெனச்சு, எத்தனை வீட்டுல, கடலைப் பாத்துச் சிகரெட் பத்தவைக்க வேண்டியிருக்கும்?"

அக்கா அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டாள். மற்றவர் வீட்டுத் துக்கம் அவளுக்குத் தெரியாததா? "தப்புத்தான் சார். என் பொண்ணை விட்டுடுங்க. என்னை இறக்கிடுங்க" என்றாள்.

ஸ்தாவ்ரோஸ் விதிப்புத்தகத்தை மூடி வைத்தார். "பிடிச்சவரை இறக்கணும்னு விதி. பிடிச்சவரை இறக்க யாராலயும் ஆகல. உங்களுக்கு எச்சரிக்கை. பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. குருங், அந்தச் சிகரெட்டு?"

"பாதி மிச்சம் இருக்கு சார்" என்று குருங் உறையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"புகைபிடிக்கிறவங்களை எங்க கூட்டிட்டுப் போகணுமோ அங்க கூட்டிட்டுப் போ."

வந்தாள் தாய்மார்களே, என் மூலைக்கு வந்தாள்! மணல்தொட்டியில் அந்தப் பாதிச் சிகரெட்டை நட்டாள். காற்றோ காற்று! தீக்குச்சி நிற்கவில்லை. ஓங் தன் லைட்டரை நீட்டினார். அங்கே புகைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர், தாய்லாந்துக்காரர், எந்த நாடு என்று எனக்கே தெரியாத ஒருவர் என்று எல்லோரும் தோளோடு தோள் ஒட்டிச் சுவராக நின்றார்கள். பற்றியது! ஆனால் மூலைக்கும் ஒரு விதி உண்டே: எரிகிற சிகரெட்டை ஆளில்லாமல் விடக்கூடாது. அக்காவோ, புகைக்காத தான் எட்டி நிற்க வேண்டுமோ என்று தயங்கினாள். ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்தறியாத குருங், தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். ஓங் தனக்கும் ஒன்றைப் பற்றவைத்தார். "தனியாப் பிடிச்சா ருசிக்காதும்மா. நான் அவருக்குத் துணைக்கு நிக்கிறேன்."

பஞ்சு வரை எரிந்தது. எரிந்து முடிந்ததும் கேப்டன் கப்பலின் சங்கை மூன்று முறை முழங்க...

"டேய், சங்கெல்லாம் ஒண்ணும் ஊதலடா!"

ஊதியிருக்க வேண்டும் அக்கா! ஊதாதது அவர்கள் குற்றம்! என் குற்றமா?

நண்பர்களே! அந்த ஜெராலின் இன்று மேற்பார்வையாளர். நீங்கள் ஏறப்போகும் தளம் அவளுடைய தளம். உங்கள் பால்கனிக் கதவைத் தட்டப் போவதும் அவள்தான். "அம்மாடி, சும்மா ஒண்ணே ஒண்ணு" என்று அவளிடம் பல்லைக் காட்டாதீர்கள். படி ஏற வேண்டுமே என்கிறீர்களா? முழங்கால் வலிக்கிறது என்கிறீர்களா? பத்தொன்பது ஆண்டுகள் கடலடியில் கிடந்தவன், எவர் அழைத்தும் வராதவன், கரைக்கே திரும்பாத நெமேசியோ, விதி என்றதும் எழுந்து என் மூலைக்கு வந்து நின்றான்! செத்தவனே வந்தான்! உயிரோடு இருக்கும் உங்களுக்கு என்னய்யா கால் வலி?

விசிறியின் காற்றை விட்டுக்கொடுக்காவிட்டாலும் மேடையை விட்டுக்கொடுத்த தலைவி அவர்களுக்கும், தூங்கிய இடத்திலும் தலையசைத்த பங்குத்தந்தைக்கும், என் பொய்யைத் திருத்தி என் உண்மையைக் காத்த பசிலிசா அக்காவுக்கும், பொறுத்திருந்த உங்கள் ஒவ்வொருவரின் காதுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். போய் வாருங்கள்! நலமாகப் போய், நலமாகக் கரையில் இறங்குங்கள்! வணக்கம்!