அந்தச் செவ்வாய்க்கிழமையை யார் சொன்னது?

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருக்கும் ஆய்வகத் தோழர்களே, நாற்காலி போட்டும் உட்காராமல் கடைசி வரிசையில் நிற்கும் ரொட்டித் தொழிற்சாலைத் தொழிலாளர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

முதுநிலை ஆய்வகத் தொழில்நுட்பர், இருபத்தாறு ஆண்டு காலம் இந்த ஊரின் இரத்தத்தைப் படித்தவர், நம் குண்டூசி அக்கா மறைந்துவிட்டார்! அவர் ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது. கேள்வி கேட்டால் மட்டும் பேராசிரியர்களுக்கும் சுருக்கென்று தைக்கும்.

மூன்றாண்டுக்கு முன்பு அந்தத் தொழிற்சாலையில் நாற்பத்தொரு பேருக்கு மூச்சிரைப்பு. மாவுத் தூசியால் வந்த ஒவ்வாமை என்பது எங்கள் ஐயம். புகைபிடிப்பதால் வந்தது என்றது நிர்வாகம். ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னறிவிப்பின்றி அவர்களை அழைத்து இரத்தம் எடுத்தோம். ஒவ்வாமையில் மூச்சிரைத்தால் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு பெருகும். வந்த முடிவு என்ன? ஏறக்குறைய அத்தனை பேருக்கும் பூஜ்யம்! உங்கள் இரத்தத்திலும் என் இரத்தத்திலும்கூட அது கொஞ்சமாவது இருக்குமே!

நான் மகிழ்ந்துபோய், "ஒவ்வாமை இல்லை" என்று நாற்பத்தொரு சான்றிதழில் கையெழுத்திட்டேன். அக்கா நம்பவில்லை. தன் இரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று சதவீதம்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு டாக்டர். இவ்வளவு சுத்தமா யாருக்கும் இருக்காது. யாரோ தொடச்சு அனுப்பியிருக்காங்க."

நேரே காத்திருப்புக் கூடத்துக்குப் போனார். மாவு பிசையும் இயந்திரத்தில் வேலை செய்யும் அண்ணனிடம் கேட்டார்.

"இந்த வாரம் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாண்ணே?"

"சத்து மாத்திரைன்னு கம்பெனியில குடுத்தாங்கம்மா. அஞ்சு நாளா. நல்லா பசிக்குது, மூச்சும் லேசாயிடுச்சு."

ஸ்டீராய்டு! அந்த அணுக்களை இரத்தத்திலிருந்தே விரட்டிவிடும் மருந்து. சோதனை நாள் தெரியாமல் சரியாக ஐந்து நாள் முன்பு கொடுக்க முடியுமா? தேதி தெரிந்தவர்கள் மூன்றே பேர்: நான், எழுத்தர், அக்கா. நான் யாரைச் சந்தேகித்தேன் தெரியுமா? உண்மையைக் கண்டுபிடித்தவரையே! "திருடனுக்குத்தானே திருட்டு வழி தெரியும்" என்று சொல்லிப் புகார் எழுதினேன். அக்காவைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். சான்றிதழ்களை நான் திரும்பப் பெறவில்லை.

மாத்திரை நின்றது. மூன்றாம் வாரம் அந்த அண்ணன் மாவு மேடையிலேயே மூச்சுத் திணறி விழுந்தார். பிழைத்தார், ஆனால் இன்று இரண்டு மாடிப்படி ஏற முடியாது.

அக்கா சும்மா இருந்தாரா? அன்று தாம் உறையவைத்திருந்த அவர்களின் இரத்தநீரைச் சோதிக்கச் சொல்லித் தோழர்களிடம் கெஞ்சினார். மாவுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை ஐந்து நாள் மாத்திரையால் அழிக்க முடியாது. முப்பத்துநான்கு பேரிடம் அது மிகுந்திருந்தது! அதன் பிறகுதான் தூசி உறிஞ்சும் கருவி வந்தது, முகக்கவசம் வந்தது, வேலை மாற்றம் வந்தது. அக்காவும் ஆய்வகத்துக்குத் திரும்பினார். ஆனால் தேதியைச் சொன்னவர் யார் என்பது மட்டும் வெளிவரவேயில்லை. ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடியே மூன்று ஆண்டுகள் வேலை செய்தோம். எழுத்தர் என்னோடு தேநீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

போன மாதம் அக்கா என் அறைக்கு வந்தார். "அந்தத் தேதிய யார் சொன்னாங்கன்னு கடைசிவரைக்கும் தெரியலயே டாக்டர்?" என்று கேட்டார். கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றேன்.

"சரிங்க டாக்டர்" என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

பொய் சொன்னேன், பெரியோர்களே! தொழிற்சாலை மருத்துவர் என் வகுப்புத் தோழர். மதியச் சாப்பாட்டில், "வர்ற செவ்வாய் உன் ஆளுங்களக் கூப்பிடப் போறேன்டா" என்று விளையாட்டாகச் சொன்னவன் நான்தான். புகார் எழுதிய மூன்றாம் நாளே அது நினைவுக்கு வந்துவிட்டது. புகாரைத் திரும்பப் பெற்றேனா? இல்லை. மானத்துக்கு அஞ்சினேன்.

அக்காவின் பணிப்பதிவேட்டில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அவர் பணியைத் தொடர்வோம் என்று வாயால் சொல்லி இறங்கிவிட எனக்குத் தகுதியில்லை. வேறு நான்கு ஆலைகளிலிருந்து வந்த பழைய அறிக்கைகளிலும் பூஜ்யங்கள் இருக்கின்றன. நானே எடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரையும் மீண்டும் சோதிப்போம். எந்த நாளில் என்பதை என்னிடமும் சொல்லாதீர்கள்.

முதல்வர் அவர்களே, புகாரைத் திரும்பப் பெறும் கடிதமும் என் மீதான புகாரும் ஒரே உறையில் இருக்கின்றன. இந்தச் சபை பார்க்க வாங்கிக்கொள்ளுங்கள்.