எரிபம் கையில் கட்டியிருந்த முத்திரை

நருப்து: கல்லைத் தேய்ச்சது போதும், வராசா அண்ணே. நிமிர்ந்து என்னைப் பாருங்க. இந்த மண்கட்டியில பதிஞ்சிருக்கிற முத்திரையை அப்படியே ஒரு கல்லுல வெட்டித் தரணும்.

வராசா: தேஞ்சு கிடக்கே... இது எரிபத்தோட முத்திரையாச்சே.

நருப்து: நீங்க வெட்டினதுதான். எங்க கல்யாணத்துக்கு.

வராசா: ம்... சூரிய தேவன் உட்கார்ந்திருக்கார். ஒரு தேவதை எரிபத்தைக் கையைப் பிடிச்சு அவர்கிட்டக் கூட்டிட்டுப் போறா. மூக்கைப் பெரிசா வெட்டிட்டேன்னு உன் புருஷன் சண்டைக்கு வந்தான்.

நருப்து: மூக்கு நிஜமாவே பெரிசுதான்... என்ன அண்ணே, சிரிக்க மாட்டேங்கறீங்க?

வராசா: ஒண்ணுமில்லம்மா. ஒருத்தன் முத்திரையை இன்னொருத்தருக்கு வெட்டிக் குடுத்தா, நம்ம சிப்பார் நீதிபதிங்க என் விரலை விட்டு வைப்பாங்களா? தொலைஞ்சிருந்தா ஊர்ல கொம்பு ஊதிச் சொல்லச் சொல்லு.

நருப்து: தொலையலை. அவர் கையிலதான் கட்டியிருக்கார். லார்சா ஊர்ல.

வராசா: லார்சாவுலயா...

நருப்து: அங்கே கம்பளி விக்கிறார். நல்லா இருக்கார்.

வராசா: அவனே சொல்லி அனுப்பினானா?

நருப்து: ஏன் இப்படிக் குடையறீங்க? மாமாவுக்குக் கண்ணு போயிடுச்சு, தெரியும்ல. மாசாமாசம் மகன்கிட்டேருந்து ஒரு ஜாடி பேரீச்சம்பழம் வருது. ஜாடி வாயை அடைச்ச மண்ணுல இருக்கிற பதிவைத் தடவி, "என் பிள்ளை முத்திரை"ன்னு சொல்லிட்டுத்தான் பழத்தை வாயில போடுவார்.

வராசா: அனுப்புறது யாரு?

நருப்து: அதை ஏன் கேக்கறீங்க?

வராசா: நீயா?

நருப்து: அவர் விட்டுட்டுப் போன பழைய மண்ணு இது ஒண்ணுதான். இதையே ஈர மண்ணுல ஒட்டி ஒட்டி வெச்சேன். போன தடவை மாமா ரொம்ப நேரம் தடவினார். "தேவதை கையை விட்டுட்டாளாம்மா"ன்னு கேட்டார்.

வராசா: எரிபம் எங்கேம்மா?

நருப்து: சொன்னேனே.

வராசா: எங்கிட்ட சொல்லு.

நருப்து: அங்கே ஒரு மதுக்கடைக்காரி வீட்டோட தங்கிட்டார். இனி வரமாட்டேன்னு படகுக்காரங்ககிட்ட அவர் வாயாலயே சொல்லி விட்டார். போதுமா? இதைப் போய் மாமாகிட்ட எப்படிச் சொல்ல... நான் தினம் அவரைச் சபிச்சுட்டுத்தான் படுக்கிறேன்.

வராசா: சபிக்காதம்மா.

நருப்து: நீங்களும் ஆம்பளைதானே. அவருக்குத்தான் பரிஞ்சு பேசுவீங்க.

வராசா: இப்படி உட்காரு.

நருப்து: உட்கார வரலை. வெட்டித் தருவீங்களா, மாட்டீங்களா?

வராசா: வெட்ட வேண்டியதில்லை... கையை நீட்டு.

நருப்து: இந்தக் கருங்கல் முத்திரை... அவரோடதுல்ல? உங்ககிட்ட எப்படி வந்துச்சு? வித்துட்டாரா? அவளுக்காக இதையுமா வித்துட்டார்?

வராசா: விக்கலை. நேத்து மீன்பிடிக்கிறவங்க கொண்டாந்தாங்க. வெள்ளம் வடிஞ்ச சேத்துல ஒரு ஆள் கிடந்தானாம்... மணிக்கட்டுல இது இருந்துச்சாம். கரையிலேயே புதைச்சுட்டாங்க. உன் வாசல் வரைக்கும் வந்தேன்மா. கூப்பிட வாய் வரலை.

நருப்து: செத்தது... அவகிட்டப் போறப்பவா?

வராசா: தோள்ல இழுவைக் கயிறு சுத்தியிருந்துச்சாம். லார்சாவுக்குப் போற படகை ஆறே கொண்டுபோயிடும்மா, யாரும் இழுக்க வேண்டாம். சிப்பாருக்கு வர்ற படகைத்தான் கயித்தைத் தோள்ல போட்டுக் கரையோட இழுக்கணும்... வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்திருக்கான்.