விதானையாரின் போத்தல்

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். கொழும்புக் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் மாலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த மூத்தவர் சத்தமாகச் சொன்னார்:

"எங்கட தங்கச்சி தினமும் மூத்திரம் காய்ச்சிறாள்."

பக்கத்தில் பேப்பர் படித்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"என்ன கோதாரி அக்கா?"

"அவளுக்குச் சலரோகம். கொழும்பு ஆசுப்பத்திரியில படிப்பிச்சு விட்டவை. குழாயில நீல மருந்தோட காய்ச்சினா, சீனி கூடியிருந்தா செங்கட்டி மாதிரிச் சிவப்பா மாறும். ஊசியும் தானே போடுவாள். எங்கட ஊரில டாக்குத்தர் எங்க?"

"சனம் என்ன சொல்லுது?"

"ஊரை ஆள்ற விதானையாரே கோயிலடியில வச்சு, 'அந்த வீட்டில தண்ணியும் குடிக்காதேங்கோ' எண்டவர். சிரிக்காத ஆளில்லை. பிறகு ஒரு நாள் அவற்ற பெண்சாதி சேலைக்குள்ள போத்தலை ஒளிச்சுக்கொண்டு பின்பக்கத்தால வந்தா."

"ஆற்ற மூத்திரம்?"

"வேற ஆற்ற? விதானையாற்றதான். காய்ச்சினா, அசல் செங்கட்டி. கால் விரலில புண்ணும் ஆறேல்லையாம். தங்கச்சி பயந்துபோய் அண்டைக்கே வண்டி பிடிச்சு ஆசுப்பத்திரிக்கு அனுப்பினவள். விரல் ஒண்டு போச்சு, கால் தப்பிச்சுது. அவருக்கு ஊசி போட மனுசிக்குப் பழக்கினதும் அவள்தான்."

"நன்றி சொன்னவரோ?"

"நன்றியோ! தனக்கு ஆயுள் கெட்டி எண்டு சாதகத்திலயே இருக்காம். அந்தச் சாதகத்தில எங்கட தங்கச்சியின்ர அடுப்பும் எழுதியிருக்கோ எண்டு, சனத்துக்கு முன்னால கேட்டனான். ஆள் எழும்பி நொண்டி நொண்டிப் போயிட்டார்."