கையில் பிடிக்காத கேமரா

ஒளிப்படக் கல்லூரியில் இருபத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் அன்புக்குரிய ‘எக்ஸ்ரே அக்கா’வுக்கு, உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

ஒளிக்கும் நிழலுக்கும் ஒருசேர உரிமை கொண்டாடியவரே! எலும்பைப் பார்த்துப் பழகிய கண்ணால் எங்கள் உள்ளத்தையும் பார்த்துவிட்டவரே! கண்டிப்பை முகத்திலும் கனிவைக் கைப்பையிலும் வைத்துக்கொண்டு வலம் வந்தவரே! தாமதமாக நுழையும் மாணவரைத் தலை நிமிராமலே பிடித்துவிடும் தனித்திறன் படைத்தவரே! வணக்கம்!

அடுக்குமொழியை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். “மூஞ்சிக்கு நேரா லைட்டைப் போடாதீங்கப்பா, கண்ணு கூசும்ல” என்று எங்களை எத்தனையோ முறை அதட்டியவர் தாங்கள். புகழ்ச்சிக்கும் அதே விதிதான் என்பது எங்களுக்குத் தெரியும்.

நம் ஆசிரியர் அறையில் நேர்வழியாக வந்து சேர்ந்தவர் ஒருவருமில்லை. ஒருவர், விபத்தில் நசுங்கிய வண்டிகளைக் காப்பீட்டுக்காகப் படமெடுத்தவர். நசுங்காத வண்டியைக் கண்டால் எங்கே நின்று எடுப்பதென்று இன்றும் தடுமாறுவார். இன்னொருவர் பாஸ்போர்ட் படம் எடுத்தே பதினைந்து ஆண்டுகளை ஓட்டியவர். மலையைக் காட்டினாலும் இரண்டு காதும் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். மூன்றாமவர் கல்யாணக்காரர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருமணங்களைப் படமெடுத்தவர். முறைத்துக்கொண்டு நிற்கும் மாமன்களையும் மச்சான்களையும் நொடியில் சிரிக்க வைப்பவர்.

தாங்களோ மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வந்தீர்கள். “எலும்பு எடுத்தவங்களுக்கு இங்க என்ன வேலை?” என்று அன்று எங்களில் சிலர் முணுமுணுத்தோம். அந்தச் சிலர் இன்று முதல் வரிசையில் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருக்கிறோம்.

முதல் வகுப்பில் யாரையும் கேமராவைத் தொடவிடமாட்டீர்கள். மாணவர் ஒவ்வொருவரையும் வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தி, கேமராவைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்வீர்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, “உங்க முன்னாடி நிக்கப்போறவங்களுக்கும் இப்படித்தான் இருக்கும். மறந்துடாதீங்க” என்பீர்கள். அடுத்து மூச்சுப் பாடம். “மூச்சை இழுங்க, பிடிங்க” என்பது எக்ஸ்ரே அறையின் வழக்கம். தாங்களோ, “எலும்புக்குத்தான் பிடிச்ச மூச்சு வேணும். முகத்துக்கு, விட்ட மூச்சு வேணும்” என்று சொல்லி, ‘விடுங்க’ என்றதும் முகம் தளரும் அந்தக் கணத்தில் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத இந்தப் பாடத்தை நாங்களும் ஓசைப்படாமல் எங்கள் வகுப்புகளில் நடத்திவருகிறோம். திருட்டை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

இனி நாங்கள் சொல்லப்போவது இதுவரை நால்வருக்கு மட்டுமே முழுதாகத் தெரிந்த செய்தி. கல்யாணக்காரர் அனுமதித்ததால் சொல்கிறோம். அனுமதித்தார் என்பதைவிட, சொல்லியே தீரவேண்டும் என்று அடம்பிடித்தார் என்பதே சரி.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய படங்கள் மங்கலாகத் தொடங்கின. லென்ஸில்தான் கோளாறு என்று அவர் உறுதியாக நம்பினார், நம்ப விரும்பினார். அந்த லென்ஸை மூன்று முறை பழுதுபார்க்க அனுப்பினார். மூன்றாம் முறை கடைக்காரர், “சார், இது எங்களைவிட நல்லா இருக்கு” என்று திருப்பி அனுப்பினார். அதன் பிறகு வகுப்பில் செய்துகாட்டுவதையே அவர் விட்டுவிட்டார். தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தார். வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று அஞ்சினார்.

ஆண்டுக் கண்காட்சிக்கு அவர் கொடுத்த படத்தைத் தாங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்கள். பிறகு, லைட்டுகள் அடுக்கியிருந்த அறைக்கு அவரைத் தனியே அழைத்தீர்கள்.

“தம்பி, லென்ஸை இனிமே கடைக்கு அனுப்பாதீங்க. ஆள் அசைஞ்சா ஒரு மாதிரி மங்கும், மெஷின் அசைஞ்சா வேற மாதிரி மங்கும். பதினோரு வருஷம் பாத்திருக்கேன், இது மெஷின் அசைஞ்சது. கையைக் காட்டுங்க.”

அவர் கையைக் காட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். ராஜினாமாக் கடிதம். தாள் படபடவென்று ஆடியதாம்.

“கை நடுங்குறவன் என்னத்தக்கா கேமரா பிடிக்கச் சொல்லித்தரப் போறேன்? பசங்க சிரிக்கிறதுக்குள்ள நானே போயிடறேன்.”

“நான் எடுத்த எக்ஸ்ரேல ஒண்ணாவது மெஷினைக் கையில பிடிச்சு எடுத்ததா? அது பாட்டுக்கு அது நிக்கும். பயந்துபோய் வர்ற ஆளைப் பேசி நிக்க வைக்கிறதுதான் என் வேலை. உங்க வேலையும் அதேதான். அது உங்க கையில இல்ல, வாயில இருக்கு. முதல்ல டாக்டரைப் பாப்போம், வாங்க.”

மருத்துவரிடம் தாங்களே உடன் சென்றீர்கள். உயிருக்கு ஆபத்தில்லாத நடுக்கம், ஆனால் முழுதாகப் போகாது என்றார் அவர். முதல்வரிடமும் உடன் சென்றீர்கள். முதல்வர், ஒரு பருவம் பார்க்கலாம், தேர்வில் மாணவர்கள் பின்தங்கினால் வேறு ஏற்பாடு செய்யவேண்டியிருக்கும் என்றார்.

அடுத்து தாங்கள் செய்ததைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை. உயிருக்கு உயிராக வளர்த்த முகப்பட வகுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, தங்களுக்கு அறவே பிடிக்காத சோப்பையும் சீப்பையும் பாட்டிலையும் விளம்பரத்துக்காகப் படமெடுக்கும் வகுப்பைத் தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள். காரணம் கேட்டோம். “சோப்பு வாயைத் திறந்து பேசாது, நிம்மதி” என்று சொல்லி எங்கள் வாயை அடைத்தீர்கள். அந்தப் பருவம் முழுதும் பாட்டிலில் விழும் பளபளப்பைத் திட்டிக்கொண்டே பாடம் நடத்தினீர்கள்.

கல்யாணக்காரரின் வகுப்பில் கேமரா முக்காலியில் நின்றது. பொத்தான் மாணவர் கையில் இருந்தது. அவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, எதிரே நிற்பவரிடம் பேசிக்கொண்டே இருந்தார். முதல் நாளே, “எனக்குக் கை நடுங்கும், பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. பருவத்தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வகுப்பின் படங்களை இரண்டு முறை பார்த்துவிட்டு, “இவங்கல்லாம் யாரைப் பாத்து இவ்வளவு இயல்பா நிக்கிறாங்க?” என்று கேட்டார். முதல்வர் அதன் பிறகு வேறு ஏற்பாடு பற்றி வாய் திறக்கவேயில்லை. கல்யாணக்காரர் அந்த வகுப்பை ஏழாவது ஆண்டாக நடத்துகிறார்.

அக்கா, நன்றி என்ற சொல் இதற்குப் போதாது என்று எல்லா மடல்களிலும் எழுதுவார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லே போதும். அதை மனமாரச் சொல்கிறோம். நன்றி. மூட்டு வலியில்லாமல், மாத்திரைப் பெட்டி பெரிதாகாமல், பேரப்பிள்ளைகள் அலுக்கும்வரை அவர்களைப் படமெடுத்துக்கொண்டு, நூறாண்டு நலமோடு தாங்கள் வாழ வேண்டும். இனி ஒரு சோப்பின் முகத்தில்கூட விழிக்காமல் வாழ வேண்டும்.

இம்மடலை அழகாக அச்சடித்துச் சட்டமிடலாம் என்றுதான் நாங்கள் சொன்னோம். கல்யாணக்காரர் ஒப்பவில்லை. அவரே தம் கையால் எழுதினார். நான்கு தாள்கள் வீணாயின, இது ஐந்தாவது. எழுத்துகள் தொடக்கம் முதல் முடிவு வரை நடுங்கியிருக்கின்றன. இதை வருவோர் போவோர் எல்லோரும் பார்க்கும்படி தங்கள் வீட்டு முன்னறையில் மாட்டவேண்டும் என்று அவர் கேட்டுக்கொள்கிறார்.

என்றும் தங்கள் அன்பில்,
ஒளிப்படக் கல்லூரியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்