இது எந்த வண்டியோட சாமான்?

ஐயையோ, அந்த நாற்காலி வேணாம் தம்பி, அதுல கிரீஸ்! இப்படி வாங்க. இந்த வீட்டுல கிரீஸ் இல்லாத எடம் என் நெத்தி ஒண்ணுதான். நேத்து பாருங்க, சோறு வடிக்கிற பாத்திரத்தக் காணோம்னு தேடுறேன்… அதுல மண்ணெண்ணெய ஊத்தி ஏதோ வால்வ ஊறப் போட்டிருக்காரு எங்க வீட்டுக்காரரு!

என்ன? உள்ளதான் இருக்காரு. இப்பப் போகாதீங்க. உக்காருங்க.

போன மாசம் துணியில சுத்தி ஒண்ணு குடுத்துட்டுப் போனது நீங்கதானே? மாமனாரோட பழைய கார், எஞ்சினப் பிரிச்சா தெரியாத சாமான் ஒண்ணு கெடந்துதுன்னு… ஆங், ஞாபகம் இருக்கு. உங்களச் சொல்லல, பொதுவா சொல்றேன். தாத்தா காலத்துக் கார் வெச்சிருக்கவன் பூரா இங்கதான் வர்றான். 'சார், இது எந்த வண்டியோடது, எஞ்சின்ல எங்க உக்காரும்?' அவ்ளோதான், இவருக்குச் சாமி வந்துடும். மோந்து பாப்பாரு. சுண்டிக் காதுகிட்ட வெப்பாரு. ஒருநா நாக்குல வெச்சுப் பாத்தாரு தம்பி, சத்தியமா! என் சமையல அப்படி ஒரு நாள் ருசிச்சதில்ல.

எங்கண்ணன் இவருக்கு மேல. பரண்ல கெடந்த ஒரு இரும்புப் பிடிய நடுவுல வெச்சுக்கிட்டு, இவரு ஆயில் பம்ப்போடதுங்கறாரு, அவன் கார்புரேட்டரோடதுங்கறான். தட்டுல போட்ட சோறு காஞ்சு போச்சு. வார்த்தை தடிச்சு, அண்ணன் பாதியில எழுந்து போயிட்டான். எங்கம்மா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பகூட ஆளுக்கொரு சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னாங்க, வெக்கங்கெட்டவங்க. கடைசியில பாத்தா… அது என் தையல் மெஷின் கைப்பிடி! மாட்டி, தலகாணி உறையே தச்சுக் காட்டினேன். ஒத்துக்கணுமே? 'அப்ப மெஷின்காரன்தான் கார்லேருந்து காப்பியடிச்சிருக்கான்'னு ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க!

இன்னிக்குக் காலையில… வெளியில சொல்லிடாதீங்க. புதுத் தோடு போட்டுக்கிட்டுப் போய் நின்னேன். 'பாருங்க'ன்னேன். பாத்தாரு. பூதக்கண்ணாடிய எடுத்துல்ல பாத்தாரு! என் மூஞ்சிய இல்ல தம்பி, திருகாணிய. 'மரை ரொம்ப நுணுக்கமா இருக்கே, கழட்டிக் குடு'ங்கறாரு.

வந்துது பாருங்க எனக்கு! அவரு குளிக்கப் போனாரா… அலமாரியில ஒவ்வொரு சாமான்லயும் நூல்ல ஒரு சீட்டு தொங்கும்ல, யாரு குடுத்தது, எந்த வண்டின்னு? அத்தனையும் அத்துப் போட்டேன். எல்லாத்தையும் வாளியில கொட்டி, சோப்புத்தூளப் போட்டு, தேய் தேய்னு தேச்சுக் கழுவி, ஒரே சாக்குல கட்டிட்டேன். ஊரான் சாமானுக்கெல்லாம் பேரு சொல்றவருல்ல? சொல்லட்டுமே இப்ப!

கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. காப்பி கொண்டுபோனேன். வாங்கி ஓரமா வெச்சுட்டு, அத்துப் போட்ட சீட்ட ஒவ்வொண்ணா பொறுக்கி அடுக்குறாரு. கத்தியிருந்தாக்கூடத் தேவல. எனக்கும் ஒரு மாதிரிதான் ஆச்சு. அதையெல்லாம் காட்டிக்க முடியுமா?

அட, எழுந்துட்டீங்க? இருங்க, இவ்ளோ தூரம் வந்துட்டு வெறுங்கையோட போவானேன்? அந்தா மூலையில சாக்கு. அவுத்து, உங்களது எதுவோ எடுத்துக்கிட்டுப் போங்க.

என்ன தம்பி அப்படி முழிக்கிறீங்க? உங்க சாமான் உங்களுக்கே தெரியலையா?