கடுக்காத ஊசி

ஊசி போடுவது பெரிய வித்தை இல்லை, மேடம். வயசானவர்களுக்கு நரம்பு தேடுவதுதான் பெரும்பாடு. ராக்கம்மாள் அம்மாவுக்கு நரம்பு பார்த்துக் குழாய் செருகியது நான்தான். சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கம்பி கிழித்து, கால் சீழ் பிடித்துப்போய் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.

எங்கள் வேலையில் நல்ல வார்த்தை கிடைக்காது. டாக்டர் திட்டுவார், நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஏசுவார்கள். பிழைத்துப் போகிறவர்கள் டாக்டரைத்தான் கும்பிடுவார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

முதல் தடவை தவறுதான். குழாய் அடைக்காமலிருக்க முதலில் உப்புத்தண்ணீர் ஏற்றுவோம், பிறகு மருந்து. மருந்து ஏறும்போது நரம்பு கடுக்கும். அன்று யாரோ கூப்பிட, உப்புத்தண்ணீரை மட்டும் ஏற்றிவிட்டுப் போய்விட்டேன். ஞாபகம் வந்து மருந்தோடு திரும்பினால், அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மத்த பிள்ளைக போட்டா உசுரு போகுது. நீ போட்டது தெரியவே இல்ல, தாயி."

மருந்தை வாஷ்பேசினில் ஊற்றினேன். அடுத்த வேளையும் உப்புத்தண்ணீரை மட்டும் ஏற்றிவிட்டு மருந்தை ஊற்றினேன்.

ஜோதிலட்சுமி சிஸ்டருக்குக் கைராசி என்று வார்டு முழுக்கப் பேச்சாகிவிட்டது. எல்லோருக்கும் அப்படிச் செய்யவில்லை, நம்புங்கள். வலி தாங்காதவர்களுக்கு மட்டும்தான்.

காய்ச்சல் இறங்காததால் டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார். என்னோடு வேலை பார்க்கும் சாபிராதான் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினாள். நான் ஊசி போடும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நிற்பாள். மருந்து வாடை அடிக்கிறதா என்று வாஷ்பேசினை மோந்து பார்த்தாள். பொறாமை, வேறென்ன.

அந்த அம்மா சாவதற்கு முந்தின நாளைத்தானே கேட்கிறீர்கள்? உடம்பு அனலாகக் கொதித்தது. சாபிரா என்னை நம்பாமல் தானே மருந்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். ராக்கம்மாள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மகன் ஈஸ்வரபாண்டி குறுக்கே வந்து நின்றார்.

"ஒங்க கை வேணாம், சிஸ்டர். எங்க ஆத்தாவுக்கு அவுக போட்டாத்தான் ஆகும். அவுகள வரச்சொல்லுங்க."

சாபிரா எவ்வளவோ கெஞ்சினாள். அவர் நகரவில்லை. நான் கதவருகில்தான் இருந்தேன். சாபிராவே போடட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பார், அது எனக்குத் தெரியும். சொல்லாமல் உப்புத்தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அவராகவே கையை நீட்டினார்.

இந்த வேலைக்கு வந்து எனக்கு மனசு நிறைந்தது அன்றைக்குத்தான், மேடம்.