நொண்டாத எலி

இல்லீங்கம்மா, வேலை வேணும்னு வேண்டிக்க வரல. நான் டாக்டர், முதுகெலும்பு ஆபரேஷன் பண்றவன். வியாழக்கிழமைன்னா பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு கோவில்ல இவ்ளோ பெரிய கியூ நிக்கும்னு எனக்குத் தெரியாது. நகர்ற வரைக்கும் சொல்றேன், கேளுங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல தமயந்தின்னு ஒருத்தி, எனக்கு ஜூனியர். அவளைக் கண்டாலே எனக்கு வயித்தெரிச்சல்.

எல்லாம் எலியால வந்ததுங்க. சிரிக்காதீங்க. பக்கத்துப் பக்கத்து முதுகெலும்பை ஒண்ணா ஒட்டவைக்கிறத முதல்ல சுண்டெலிக்குத்தான் பண்ணிப் பாப்போம். மயக்கம் கொடுத்து, சதையை விலக்கினா, எலும்பு நொய்யரிசி அளவுக்குத்தான் தெரியும். மேலாப்புல சுரண்டி ரத்தம் கசிய விட்டு, எலும்புத்தூள் வச்சுத் தச்சிடணும். நான் சுரண்டுற முனையை மோட்டார்ல மாட்டிச் சுரண்டினேன். சூட்டுல எலும்பு வெந்துபோய் ஒட்டவே இல்ல. கை கொஞ்சம் அழுந்தினாலும் நரம்பு போயிடும், எலி பின்னங்காலை இழுத்துக்கிட்டு நடக்கும். என் எலிங்க பாதி அப்படித்தான் நடந்துச்சு.

அவ மோட்டாரையே தொடலீங்க. அந்த முனையை மட்டும் ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா உருட்டினா. முடிஞ்சதும் வெந்நீர்ப் பை மேல படுக்க வச்சா. மறுநாளே எலி எழுந்து தீனி திங்குது. சில வாரம் கழிச்சு எக்ஸ்ரே பிலிமை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா, எலும்பு வெள்ளையா ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கு. எங்க ஹெட்டு கன்னடக்காரரு. எல்லார் முன்னாடியும், தமயந்தி கை நோடி சார்ன்னாரு. எனக்குப் புரியலைன்னு நெனச்சு, தமயந்தி கையைப் பாருங்கன்னு தமிழ்லயும் ஒருவாட்டி சொன்னாரு.

அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. அவ எலி ஒண்ணாவது நொண்டாதான்னு தினம் கூண்டுகிட்ட போய் நிப்பேன். ஒண்ணுகூட நொண்டல. இப்பவும் ஆஸ்பத்திரியில பேஷண்டுங்க அவ ரூம் வாசல்லதான் நிக்கிறாங்க. என் ரூம் வாசல்ல பெஞ்சு காலியா கெடக்கு. பொறாமைதாங்க, வேறென்ன பேரு வைக்கிறது?

நகருங்க, நம்ம முறை வந்துடுச்சு. இந்த மெழுகுவர்த்தியா? என் பொண்ணு இளவேனிலுக்கு முதுகு வளைஞ்சுபோச்சுங்க, கம்பி வச்சு எலும்பை ஒட்டணும். பெத்த பொண்ணை நானே அறுக்க முடியுமா? யாரை வைக்கலாம்னு ஹெட்டு கேட்டப்ப, அவரு கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவ பேரைச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல ஆபரேஷன். பொண்ணு பேருக்கு என் சம்சாரம் அதோ அங்க ஏத்துறா. இது தமயந்தி கைக்கு.